ஓடுகிறது என்பதற்காக

மெக்கானிக்கல் கைக்கடிகாரத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உள்ளே எண்ணெய் வற்றிப்போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பைக்கில் ஆயில் தீர்ந்தால் சத்தம் மாறும். மிக்ஸி சூடேறினால் வாடை வரும். ஃபேனில் பேரிங் போனால் பக்கத்து வீட்டுக்கே தெரியும். கடிகாரம் இப்படி எதையும் காட்டிக்கொள்வதில்லை. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை சொன்ன பேச்சு கேட்கும். நேரமும் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கும், ஒரு நிமிஷம் முன்னே பின்னே.

இது எப்படி என்று தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும். சாவி கொடுக்கும்போது நாம் முறுக்குவது மெயின் ஸ்பிரிங்கை. அது விரியும் விசை நாலைந்து பல்சக்கரங்கள் வழியாக இறங்கிக் கடைசியில் பேலன்ஸ் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். பேலன்ஸ்தான் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடுகிற சின்ன சக்கரம். அதன் நடுவில் மயிரைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங். பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம் என்றால் மணிக்கு 18,000 துடிப்பு, நொடிக்கு 5. ஒரு நாளைக்கு 4,32,000. வருஷத்துக்கு 15 கோடியே 76 லட்சத்துச் சொச்சம். இத்தனை ஆட்டத்தையும் தாங்குவது பேலன்ஸ் அச்சின் இரண்டு முனைகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கனம். அந்த முனை செயற்கை ரூபிக் கல்லில் செய்த குழிக்குள் உட்கார்ந்திருக்கும். டயலில் ‘17 ஜூவல்ஸ்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்களே, அந்தக் கற்கள் நகைக்கு அல்ல, இந்த வேலைக்கு.

கல்லுக்கும் எஃகுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பொட்டு எண்ணெய். நாலைந்து வருஷத்தில் அது காயும், கெட்டியாகும், தூசியைச் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் அது எண்ணெய் இல்லை, உப்புக்காகிதம். எஃகை அராவ ஆரம்பிக்கும். உராய்வு கூடக்கூட பேலன்ஸுக்குப் போய்ச்சேரும் விசை குறையும், ஆட்டத்தின் வீச்சு சுருங்கும். நல்ல நிலையில் 270 பாகைக்கு மேல் வீசி ஆட வேண்டியது 200-க்குக் கீழே வந்துவிடும். ஆனால் ஹேர்ஸ்பிரிங்கின் குணம் என்னவென்றால், பெரிய ஆட்டத்துக்கும் சின்ன ஆட்டத்துக்கும் அது ஏறக்குறைய ஒரே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். கடிகாரம் என்ற ஒன்றே சாத்தியமானது இந்தக் குணத்தால்தான். கடிகாரம் தன் நோயை மறைப்பதும் இதே குணத்தால்தான். வீச்சு பாதியாகிவிட்டிருக்கும், முள் மட்டும் ஒழுங்காக நகர்ந்துகொண்டிருக்கும்.

நேரம் சரி, வீச்சு குறைவு. எனக்கு இந்த இரண்டு வார்த்தைகளை விட்டு நகர முடியவில்லை.

முறையிடாத ஒன்றுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அழும் பிள்ளைக்குப் பால் என்று நம்மிடம் ஒரு ஏற்பாடு இருக்கிறது. மோசமான ஏற்பாடு இல்லை அது, பாதி உலகம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அழத் தெரியாத பிள்ளைக்கு அதில் இடம் கிடையாது. வாட்ச் நின்றால் கடைக்குக் கொண்டுபோகிறோம். நிற்காத வாட்ச்சை யார் கொண்டுபோவார்கள்? “நல்லாத்தானே ஓடுது?”

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மொபைல் கடை வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் இதை வேறு மாதிரி சொன்னார். “தம்பி, நின்னுபோன வாட்ச் கெட்டுப்போகாது. பொட்டியில போட்டா அப்படியே கெடக்கும், தண்ணி மட்டும் போகக்கூடாது. ஓடுறதுதான் கெடும். காஞ்சுபோய் ஓடுது பாருங்க, அது ஒவ்வொரு டிக்குக்கும் தன்னைத்தானே தின்னுது.” அவர் வாட்ச்சின் உள்பாகத்தை மூவ்மென்ட் என்று சொல்வதில்லை. மெஷின் என்பார். “மெஷின் நல்ல மெஷின்.” அம்பத்தூரில் அப்படிச் சொல்வதுதான் பொருத்தம்.

காரணம் இருக்கிறது. 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. அதற்கும் முன்னால் 1949-இலேயே டி.ஐ. சைக்கிள்ஸ். அப்புறம் டன்லப், பக்கத்தில் பாடியில் டி.வி.எஸ். கம்பெனிகள், அந்தப்பக்கம் ஆவடியில் டாங்கி தொழிற்சாலை. இவற்றுக்கெல்லாம் போல்ட்டும் புஷ்ஷும் ஷாஃப்ட்டும் கடைந்து கொடுக்கிற நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள். அந்தப் பட்டறைகள் பலவற்றில் நின்ற லேத்தின் முகப்பில் மூன்று எழுத்து இருக்கும்: எச்.எம்.டி. ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். பெங்களூரில் 1953-இல் ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியின் தொழில்நுட்பக் கூட்டுறவோடு மெஷின் செய்ய ஆரம்பித்த அரசு நிறுவனம், 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து கைக்கடிகாரமும் செய்தது. முதல் கடிகாரங்களை நேரு வெளியிட்டார். ‘ஜனதா’ என்று ஒரு மாடல், பெயரே போதும், யாருக்கானது என்று சொல்லிவிடும். ஒரு டர்னர் காலையில் கையில் கட்டிக்கொண்டு வருவதும் எட்டு மணிநேரம் நின்று ஓட்டுவதும் ஒரே கம்பெனி மெஷின். உலகத்தில் எத்தனை ஊரில் இப்படி அமைந்திருக்கும் என்று எனக்கு ஆச்சரியம்தான்.

என் பெரியப்பா அப்படி ஒரு டர்னர். எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் முப்பத்தொரு வருஷம். லேத் ஓட்டும்போது கையில் வாட்ச், மோதிரம் எதுவும் இருக்கக் கூடாது, சுற்றுகிற ஜாப் இழுத்துக்கொள்ளும். அதனால் பட்டறைக்குள் நுழைந்ததும் வாட்ச்சைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி டிபன் பைக்குள் வைத்துவிடுவார். சாவி கொடுப்பது காலை காபிக்கு அப்புறம், ஒரே நேரம், கையில் கட்டிக்கொண்டு அல்ல, கழற்றி வைத்து. கட்டியபடி திருகினால் சாவித்தண்டு கோணலாக இழுபடும் என்பார். இறுக்கம் தட்டிய இடத்தில் விரல் நின்றுவிடும். நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் சர்வீஸ். யாரும் சொல்லவேண்டியதில்லை, வாட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

இந்தப் பழக்கம் அவருக்கு லேத்திலிருந்து வந்தது. லேத்தின் ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்னக் கண்ணாடி வட்டம் உண்டு, எண்ணெய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். காலையில் மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் அதைப் பார்ப்பது, பெட்டில் எண்ணெய் விடுவது, சாயங்காலம் பிசிறைத் தட்டித் துடைப்பது. பெரிய கம்பெனிகளில் இதற்குப் பெயரெல்லாம் இருக்கிறது: பிரேக்டவுன் மெயின்டனன்ஸ் என்றால் உடைந்த பிறகு பார்ப்பது, பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்றால் உடைவதற்கு முன்னால். பாடியில் சுந்தரம் கிளேட்டன் 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியபோது இந்த வட்டாரம் முழுக்க இந்த வார்த்தைகள் புழங்கின. பெரியப்பாவின் பட்டறையில் பரிசுக்கு வாய்ப்பில்லை. ஆனால் எண்ணெய் மட்டும் குறைந்ததில்லை.

மனுஷனுக்கு அந்தக் கண்ணாடி வட்டம் கிடையாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வெளியே தெரியாமல் பதினைந்து வருஷம் ஓடும். சிறுநீரகம் பாதி வேலை செய்தாலே ஆள் ஷிஃப்டுக்கு வந்துவிடலாம். பெரியப்பா வந்தார். யாராவது கேட்டால், “ஓடிட்டுதானே இருக்கேன்?” என்பார். காது மந்தமானபோது பட்டறையில் அதைச் சிரிப்பாக்கினார்கள். ஐம்பத்தெட்டாவது வயதில் ஒரு முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எல்லாமே தாண்டிப்போயிருந்தது. நேரம் சரி, வீச்சு குறைவு.

இங்கேயே நிறுத்திக்கொண்டு, ‘மெஷினுக்குக் கொடுத்த கவனத்தை மனிதனுக்குக் கொடுக்கவில்லை பார்த்தீர்களா’ என்று முடித்துவிட்டால் கட்டுரை நன்றாகத்தான் இருக்கும். நான் அதை நம்பவில்லை என்பதுதான் சிக்கல். அந்தப் பட்டறை லேத்துக்கு ஏன் எண்ணெய் விட்டது? லேத்தின் மேல் பிரியத்தால் அல்ல. நின்றால் ஆர்டர் போய்விடும். அதே கணக்கில் பெரியப்பாவுக்கும் வருஷாவருஷம் பரிசோதனை செய்திருந்தால் அது அக்கறை ஆகிவிடுமா? இன்றைக்கு எஸ்டேட்டில் பட்டறை இருந்த இடங்களில் ஐ.டி. பார்க்குகள் நிற்கின்றன. அங்கே வேலை செய்கிற என் நண்பர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மாஸ்டர் ஹெல்த் செக்கப் இலவசம். எத்தனை அடி நடந்தாய், எத்தனை மணி தூங்கினாய் என்று கணக்கு வைக்க ஒரு ஆப். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பெரியப்பாவுக்கு அது கிடைத்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பார். ஆனாலும் அது லேத்தின் கண்ணாடி வட்டம்தான். ‘சர்வீஸ்’ என்ற வார்த்தையை நாம் எப்படிப் புழங்குகிறோம் பாருங்கள். “வாட்ச்சை சர்வீஸ் விட்டிருக்கேன்.” “அவருக்கு முப்பது வருஷ சர்வீஸ்.” ஒன்றில் நாம் அதற்குச் செய்கிறோம், இன்னொன்றில் அவர் நமக்குச் செய்கிறார். வார்த்தை ஒன்றே.

அப்படியானால் பலன் எதுவும் எதிர்பாராமல் நாம் பராமரிக்கும் பொருள் ஏதாவது இருக்கிறதா? விசித்திரம் என்னவென்றால், பழைய கைக்கடிகாரம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஓசூரில் டாட்டாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்தது 1984-இல். அது கொண்டுவந்தது குவார்ட்ஸ். நொடிக்கு 5 துடிப்பு எங்கே, 32,768 அதிர்வு எங்கே. மாசத்துக்குச் சில நொடிதான் பிசகும், சாவி வேண்டாம். அப்புறம் செல்போன் வந்து அதையும் வேண்டாம் என்று ஆக்கியது. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. இன்றைக்கு ஒரு ஜனதாவைச் சர்வீஸ் செய்து கட்டிக்கொள்கிறவனுக்கு அதனால் ஒரு நயாபைசா லாபமும் கிடையாது. பாக்கெட்டில் இருக்கும் போன் அதைவிடச் சரியான நேரம் சொல்லும். சர்வீஸ் கூலியைக் கொடுத்தால் கடையில் ஒரு புது குவார்ட்ஸ் வாட்ச்சே வாங்கிவிடலாம்.

இதனாலேயே இந்த அக்கறை சுத்தமானது என்று சொல்லிவிட முடியாது. பழைய எச்.எம்.டி. இப்போது ஒரு ஃபேஷன். இணையத்தில் விற்கிறார்கள், கம்பெனி எந்தக் காலத்திலும் போடாத கலரில், மயில்நீலத்திலும் ஆரஞ்சிலும், டயலுக்குப் புது பெயிண்ட் அடித்து. சேகரிப்பவர்கள் அதைப் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். எனக்குப் பெயிண்ட் மேல் பெரிய கோபம் இல்லை. ஏழை வாட்ச்சுக்குப் பொங்கல் வெள்ளை மாதிரி, அடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் பின்மூடியைத் திறந்தால் பல வாட்ச்சுகளில் மெஷினைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். வெளியே பளபளப்பு, உள்ளே இருபது வருஷத்து எண்ணெய் பிசினாக உறைந்து கிடக்கும். அந்தப் பக்கம் சேகரிப்பாளர்களும் ஒன்றும் உசத்தி இல்லை. லாக்கரில் பூட்டி வைத்த வாட்ச்சில் தேய்மானம் இருக்காது என்பது நிஜம், ஆனால் எண்ணெய் அங்கேயும் காயத்தான் செய்யும். எடுத்துச் சாவி கொடுக்கிற அன்றைக்கு அராவல் ஆரம்பிக்கும்.

நல்ல சர்வீஸ் என்றால் என்ன என்று ஓ.டி. பெரியவரிடம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை மெல்ல இறக்கிவிடுவார். முறுக்கோடு கழற்றினால் சக்கரங்கள் ஒரேயடியாகச் சுழன்று பல் போய்விடும். அப்புறம் பேலன்ஸை எடுத்துத் தனியாக, கண்ணாடிக் கிண்ணத்துக்கு அடியில். ஒவ்வொரு சக்கரமாக வெள்ளைப் பெட்ரோலில் அலசி, கூர்சீவிய குச்சியால் கல்லின் குழியைச் சுத்தம் செய்து, ஊதி, காயவைத்து, திரும்பப் பூட்டுவார். எண்ணெய் விடுவது ஊசியைவிட மெல்லிய ஒரு கம்பியால். குழி நிரம்பக் கூடாது. நிரம்பினால் எண்ணெய் வழிந்து பரவிக் குழி மறுபடி காய்ந்துவிடும். ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் படவே கூடாது. பட்டால் சுருள்கள் ஒட்டிக்கொண்டு வாட்ச் பைத்தியம் பிடித்த மாதிரி வேகமெடுக்கும். “நெறைய ஊத்துனா நல்லதுன்னு நெனைப்பாங்க. எங்க ஊத்தக் கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் மெக்கானிக்.” அன்பு என்ற பெயரில் வழிய வழிய ஊற்றி எத்தனையோ ஹேர்ஸ்பிரிங்குகளை ஒட்டவைத்த குடும்பங்களை நமக்குத் தெரியும், அது வேறு கதை.

(ஒரு இடைச்செருகல். பதினெட்டாம் நூற்றாண்டில் கடலில் தீர்க்கரேகை காண கடிகாரம் செய்த ஜான் ஹாரிசன் முதலில் தச்சர். அந்தக் காலத்து எண்ணெய்கள் மோசம் என்பதால், தானே எண்ணெய் கசியும் ஒரு மரத்தைப் பேரிங்காக வைத்து எண்ணெயே தேவைப்படாத கடிகாரம் செய்தார். இங்கிலாந்தில் பிராக்கில்ஸ்பி பார்க்கில் அவர் 1722 வாக்கில் செய்தது இன்றும் ஓடுகிறது. கவனிப்பே தேவைப்படாத பொருள் என்பது எல்லாப் பொறியாளரின் கனவு. எனக்கு அந்தக் கடிகாரத்தின் மேல் மரியாதை உண்டு, ஏனோ ஆசை இல்லை.)

ஹன்னா அரெண்ட் 1958-இல் எழுதிய ‘மனித நிலை’ நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரிக்கிறார். நாற்காலி செய்வது ஆக்கம், செய்தால் முடிந்தது, பொருள் நிற்கும். சமைப்பது, துவைப்பது உழைப்பு, முடியவே முடியாது, தடமும் இருக்காது. உலகம் சிதையாமல் தினம்தினம் காப்பதையும் அவர் இந்த இரண்டாவதில்தான் வைக்கிறார். தொழுவத்தைச் சுத்தம் செய்த ஹெர்குலிஸ் வீரனானது ஒரே ஒருமுறை செய்தால் போதும் என்று இருந்ததால்தான் என்பது அவர் கிண்டல். தினமும் செய்யவேண்டியிருந்தால் அது வீரமில்லை, வேலை. பெரியம்மா முப்பத்தொரு வருஷம் அந்தக் காக்கிச் சட்டையின் ஆயில் கறையைத் துவைத்தாள். லேத்துக்குப் பெரியப்பா எண்ணெய் விட்டார், பெரியப்பாவுக்குப் பெரியம்மா. அவளுக்கு யார் என்று கேட்டால் சங்கிலி அங்கே அறுந்துபோகிறது.

வாட்ச் விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா போனபிறகு அவருடைய ஜனதா என்னிடம் வந்தது. ஒரு நாள் பெரியம்மா அலமாரியிலிருந்து எடுக்கும்போது தரையில் விழுந்து நின்றது. ஓ.டி. பெரியவர் திறந்து பார்த்துவிட்டு, “ஸ்டாஃப் போச்சு” என்றார். பேலன்ஸ் அச்சின் முனை ஒடிந்திருந்தது. புது பார்ட் வராது, கம்பெனியே இல்லை. “எங்க வாத்தியார் இருந்தா சின்ன லேத்துல கடைசல் போட்டே குடுத்துருவாரு. எனக்கு இப்போ கண்ணும் கையும் ஒத்துவராது. ஒண்ணு பண்ணுங்க, இதே மெஷின் இருக்குற வாட்ச் ஒண்ணு வாங்கியாங்க. அதுலேர்ந்து எடுத்துப் போட்டுர்றேன்.”

ஒரு டர்னரின் வாட்ச், கடைய ஆள் இல்லாததால் நிற்கிறது.

இணையத்தில் தேடி ஒன்று வாங்கினேன். வந்தது. சாவி கொடுத்ததும் ஓடியது. திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் எழுத்து வெட்டியிருந்தது: ஒரு மனிதரின் பெயர், 25 வருஷ சர்வீஸ், ஒரு தேதி. ஏதோ ஒரு கம்பெனி ஏதோ ஒரு ஊரில் கொடுத்தது. அவர் போயிருப்பார், வீட்டில் வேண்டாம் என்று போட்டிருப்பார்கள்.

கிரேக்கர்கள் ஒரு பழைய புதிர் வைத்திருக்கிறார்கள், புளூட்டார்க் எழுதியிருக்கிறார். தீசியஸின் கப்பலில் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் அது அதே கப்பலா? தத்துவ வகுப்புகளில் இரண்டாயிரம் வருஷமாக இதைக் கேட்கிறார்கள். புதுப் பலகை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு கப்பலைப் பிரித்து எடுத்திருந்தால்? பெரியப்பாவின் வாட்ச் அதே வாட்ச்சாக இருக்குமா என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அச்சு மாறினாலும் அது அவருடையதுதான், இடுப்பெலும்பு மாற்றிய பாட்டி அதே பாட்டிதான். ஓடுகிற ஒன்றை நிறுத்தி, நின்றதை ஓடவைக்க எனக்கு என்ன உரிமை என்பதுதான் தொந்தரவு செய்தது. பெயர் வெட்டாத வாட்ச்சாக இருந்திருந்தால் இந்த யோசனை வந்திருக்காது என்பதும் உண்மை. அது இந்த யோசனைக்கு எதிரான வாதம் இல்லை. பெயர் தெரிந்தால்தான் நமக்கு உறைக்கிறது என்பதற்கான சாட்சி, அவ்வளவே. மற்றபடி வாட்ச்சுக்கு வலிக்காது, தெரியும். அந்த மனிதருக்கும் இனித் தெரியப்போவதில்லை. காரணங்களைத் தேடினால் பிரிக்கலாம் என்பதற்கே அதிகம் கிடைக்கும்.

பெரியம்மாவுக்கு அவசரம். வருஷ திதிக்கு முன்னால் வாட்ச் ஓடவேண்டும், படத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். “ஓடுறது ஒண்ணு வாங்கிட்டேன்னியே, எடுத்துப் போட வேண்டியதுதானேடா?” அந்த வாட்ச்சை அவளிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

“இருபத்தஞ்சு வருஷத்துக்கு வாட்ச் குடுத்திருக்கான். உங்க பெரியப்பாவுக்கு ஒருத்தனும் ஒண்ணும் குடுக்கலை.”

காதில் வைத்துக் கேட்டாள். “இது ஓடட்டும். அவரு வாட்ச் மெதுவா ஆகட்டும், அவருக்கென்ன அவசரம்.”

திதிக்கு நின்ற வாட்ச்தான் வைத்தோம். ஏழு மாசம் கழித்து ஓ.டி. பெரியவரிடம் ஒருவர் தண்ணீர் புகுந்து டயலும் சக்கரங்களும் துருப்பிடித்த ஒரு எச்.எம்.டி.யைப் பார்ட்ஸுக்கு என்று போட்டுவிட்டுப் போனார். பேலன்ஸில் மட்டும் ஆச்சரியமாகத் துரு ஏறவில்லை. அது பொருந்தியது. மிச்சமிருந்த மெஷினை அவர் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடினார். அதில் இன்னும் எதற்காவது ஒரு திருகாணி உதவும்.

பூட்டுவதற்கு முன்னால் பின்மூடியின் உட்பக்கத்தைக் காட்டினார். சர்வீஸ் செய்கிறவர்கள் ஊசியால் அங்கே தேதியோ ஒரு குறியோ கீறி வைப்பது வழக்கம், வெளியே தெரியாது. பெரியப்பாவின் வாட்ச்சில் ஆறு கீறல்கள் இருந்தன, மூன்று வேறு வேறு கைகள். நாலு வருஷம், நாலு வருஷம், ஒரு இடத்தில் ஐந்து. பெரியவர் ஏழாவதாகத் தன் குறியைக் கீறிவிட்டு, அந்த இன்னொரு வாட்ச்சையும் ஓடும்போதே கொண்டுவரச் சொன்னார்.